அண்ணன் டாலாவுக்குப் போன ஞாயிறு

என் அண்ணனுக்கு வேலை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் அவன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், பழக்கமான ஒரு பர்மாக்காரர் வீட்டு நிழலில் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருந்தான். வேலை போனது அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் அதே நேரத்தில் இக்கரையில், அவன் குடியிருந்த மாடியிலேயே நின்று, இங்கே யார் யார் இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். 

அப்போது ரங்கூனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா கப்பல் வந்து கட்டும் ஜெட்டியில் மூட்டை இறக்கினவர். அந்த ஜெட்டியிலேயே விழுந்து போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் வீட்டில் ஒரு ஆள்தான் படிக்க முடியும் என்று ஆனது. "அவ படிக்கட்டும், எனக்கு உக்காந்து படிச்சா தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு அண்ணன் கப்பலில் மூட்டை இறக்கப் போனான். சுத்தப் பொய். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

நான் சொல்லும் காலத்தில் அவன் மூட்டை தூக்கும் ஆள் இல்லை. கப்பலின் அடியில் இருக்கும் சரக்குக் கிடங்கின் வாய் ஓரத்தில் நின்று, மேலே விஞ்சு இயந்திரத்தால் பளுவைத் தூக்கும் விஞ்சுக்காரனுக்குக் கையால் சைகை காட்டும் ஆள். விஞ்சுக்காரனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது, கீழே இருப்பவர்களுக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது. நடுவில் இவன் கைதான். ஒரு கூலிக் கூட்டத்தில் பல வருஷம் உழைத்தவனைத்தான் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறக்கமாட்டான். ரசம் வேண்டுமென்றால் விரலைக் கீழே காட்டுவான், போதுமென்றால் கையை மடக்குவான். "நான் என்ன உன் விஞ்சாடா" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே ஊற்றுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரைசானி வந்தார். வேலையைப் பற்றி விசாரிப்பதே அவருடைய வேலை. கேட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தப் பக்கத்துத் துறைமுகங்கள், நூற்பாலைகள் எல்லாம் ஊர் ஊராகப் போய், யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்குப் போயிற்று, புது இயந்திரம் வந்தால் பழைய ஆள் எங்கே போகிறான், சண்டைக் காலத்தில் ஆண்களின் வேலையைச் செய்த பெண்களை ஆண்கள் திரும்பி வந்ததும் எங்கே அனுப்பினார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதியவர். இங்கே ஒரு கப்பல் கம்பெனி தன் ஜெட்டியில் வேலை செய்யும் கூலியாட்களைப் பற்றி அதே மாதிரி ஆராய்ந்து சொல்லும்படி அவரை வரவழைத்திருந்தது. தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒரு பெண் துணைக்கு வேண்டுமென்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டார். தலைமை ஆசிரியை என்னைக் கைகாட்டினார். "நீதான் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறாயே, போய் நட" என்றார்.

உட்கார முடியாத சுபாவம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. துரைசானிக்கு அது என்னைவிட அதிகம். வெயில் ஏறினாலும் தொப்பியை அழுத்திக்கொண்டு நடப்பார். நடந்துகொண்டே பேசுவார். அவர் ஊர்த் துறைமுகங்களில் விடியுமுன் ஆண்கள் வாசலில் மழையில் நிற்பார்களாம். கங்காணி வந்து முகத்தைப் பார்த்து, நீ வா, நீ வா என்று பொறுக்குவானாம். மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். "பொறுக்கப்படாதவன் வீடு திரும்பி நடக்கிற நடை இருக்கிறதே, அதைத்தான் நான் ஆராய்கிறேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த வார்த்தையில்தான்.

இங்கே யாரும் வாசலில் நிற்பதில்லை, மேஸ்திரிதான் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார் என்று சொன்னேன். மேஸ்திரி நினைத்தால் ஒருவனை விட்டுவிட்டு வரலாம் அல்லவா என்று கேட்டார். வரலாம் என்றேன். "அப்படியானால் அதே வாசல்தான்" என்றார்.

இந்த விசாரணை எல்லாம் முடிந்தபிறகு என்ன செய்வார்கள் என்று நான் கேட்காத நாள் இல்லை. அவர் சொல்லமாட்டார். "எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் அதற்குத் தக்கபடி பதில் சொல்வார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். உனக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது. அவர்கள் சொல்வதை எனக்குச் சொல், நான் கேட்பதை அவர்களிடம் கேள், உன்னுடையதாக ஒன்றும் சேர்க்காதே" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணன் இருந்த கூட்டத்துக்கு லான்மடா பேட்டையில் ஒரு மாடிவீடு. விடியற்காலையில் எல்லாரும் ஒன்றாக ஜெட்டிக்குப் போகவேண்டும் என்பதால் மேஸ்திரி அவர்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருந்தார். அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். சனிக்கிழமை சாயங்காலம்தான் அவன் எங்களைப் பார்க்க வருவான். அந்த மாடியில் எத்தனை பேர் படுக்கலாம் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் சுவரிலேயே எழுதிவைத்திருந்தார்கள். படுத்தவர்களோ அதைப்போல இரண்டு மடங்கு. இடம் போதாமல் முறைவைத்துத் தூங்குவார்கள். சுகாதார அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தால் மேஸ்திரி "ஆளைக் கலைங்கப்பா" என்பார். பாதிப் பேர் வெளியே போய்விடவேண்டும். ரங்கூனில் இப்படிப்பட்ட எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

யார் போவார்கள் என்பதில் ஒரு முறை உண்டு. பழைய ஆட்கள்தான் போவார்கள். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கினவனுக்குப் பர்மா பேச்சு வராது, தெரு தெரியாது. அவனை வெளியே விட்டால் தொலைந்துபோவான், இல்லை அழுதுகொண்டு போலீஸ்காரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். பழையவர்களுக்குப் படகுக்காரனைத் தெரியும், டாலாவில் போய் உட்கார நாலு வீடு தெரியும். யாரும் முணுமுணுக்கமாட்டார்கள். சொல்லப்போனால் அது அவர்களுக்கு ஒரு திருவிழா.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் வந்தபோது சொன்னேன்.

"நாளைக்குத் துரைசானி உங்க மாடிக்கு வர்றாங்க அண்ணே. நீ இரு. இதுதான் என் அண்ணன்னு காட்டணும்."

"மேஸ்திரி ஆளைக் கலைக்கச் சொல்லிட்டாரு. நான் இருந்தா புதுப் பசங்கள்ல ஒருத்தன் வெளிய போகணும். அவன் எங்க போவான்? தெக்கு வடக்கே தெரியாது. படகுல ஏத்துனா வாந்தி எடுப்பான்."

"அவங்க சுகாதார ஆபீசர் இல்லை. எத்தனை பேர் படுக்கிறீங்கன்னு பார்க்க வரலை."

"பின்ன எதுக்கு வர்றாங்களாம்?"

"அதை எனக்கும் சொல்லலை."

"பாத்தியா, உனக்கே தெரியலை" என்று சிரித்தான். "வெள்ளைக்காரங்க எண்ண வந்தா கம்மியா இருக்கிறதுதான் நமக்கு நல்லது. அப்பாவும் இப்படித்தான் டாலாவுக்குப் போவாரு. திரும்பி வரும்போது உனக்கு மாங்காய் வாங்கியாறேன்."

அம்மா அடுப்படியிலிருந்து, "அண்ணனும் தங்கச்சியுமா ஞாயித்துக்கிழமை கோயில் ஆராதனைக்கு வரமாட்டீங்க, அதை மட்டும் நேராச் சொல்லிருங்க" என்றாள். போதும் என்று அண்ணன் கையை மடக்கிக் காட்டினான். அம்மா அகப்பையை ஓங்கினாள்.

மறுநாள் மாடி கழுவித் துடைத்திருந்தது. பாய்கள் சுருட்டி ஓரமாக நின்றன. தலைக்கு எண்ணெய் தடவி, புது மாப்பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் புது ஆட்கள். துரைசானி ஒவ்வொருவர் பேரையும் கேட்டு எழுதச் சொன்னார். எப்போது வந்தாய் என்று கேட்கச் சொன்னார். இந்த வருசம், போன மழைக்கு, பொங்கல் கழிச்சு என்று பதில் வந்தது. அதற்கு முந்தி வந்தவர் ஒருவரும் இல்லை.

"பழைய ஆட்களே கிடையாதா?" என்று மேஸ்திரியிடம் கேட்கச் சொன்னார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியும். "எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க டீச்சரம்மா. ரெண்டு மூணு வருசத்துல யாரா இருந்தாலும் ஊருக்குப் போயிருவாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதைச் சொன்னேன். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. வேறு ஏதாவது சொல்லி அந்த வீட்டு லைசென்ஸ் போனால் அத்தனை பேரும் தெருவில் படுப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.  துரைசானி எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். படிக்கட்டில் யாராவது ஏறுகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். "உனக்கு என்ன?" என்று அவர் கேட்டார். வெக்கையாக இருக்கிறது என்றேன்.

அவருக்கு அன்றைக்கு மிகுந்த சந்தோஷம். மற்ற வீடுகளிலும் இதையே கண்டாராம்: எங்கே பார்த்தாலும் புது ஆட்கள். இது ஒரு பெரிய உண்மை என்றார். ஐரோப்பாவில் துறைமுகத் தொழிலாளி தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் இருப்பான். இங்கே யாருமே வேர் பிடிப்பதில்லை, வருகிறார்கள், போகிறார்கள் என்றார். சாயங்காலம் அண்ணன் ஙாப்பி என்கிற பர்மா மீன் விழுதின் வாசனையோடு மாங்காய் கொண்டுவந்தான். இந்த மாதிரி மீன் இந்த ஜென்மத்தில் தின்றதில்லை என்றான்.

மழை ஓய்ந்த கையோடு அறிவிப்பு வந்தது. விசாரணையில் பேர் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி ஒரு பித்தளை வில்லை தரும். வில்லை வைத்திருப்பவன் மட்டும்தான் அந்த ஜெட்டி வாசலுக்குள் போகலாம். வேலை முறைவைத்து எல்லாருக்கும் வரும். மேஸ்திரி தன் இஷ்டத்துக்கு யாரையும் விடவோ எடுக்கவோ முடியாது. துரைசானி ஊர்த் துறைமுகங்களில் செய்து பார்த்த ஏற்பாடாம். நல்ல காரியம்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரைச் சரியாகத்தான் பிடித்தார்கள். கும்பிடவேண்டியவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

முதல் நாள் வாசலில் போய்ப் பார்த்தேன். எண்ணெய் தடவின புது ஆட்கள் வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயந்து பயந்து உள்ளே போனார்கள். அவர்களுக்கு மூட்டையைத் தோளில் வாங்கக்கூடத் தெரியாது. கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். பக்கத்துத் தெலுங்குக்காரர் வீட்டிலும் அதே கதை, அதற்கடுத்த வீட்டிலும் அதே கதை. எல்லாரும் ஒரே புத்தியோடு ஆளைக் கலைத்திருக்கிறார்கள். சைகைக்குக் கம்பெனி தன் சொந்த ஆட்களை நிறுத்திக்கொண்டது. அண்ணன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு எவனோ கை காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "நீ ஏன் வந்தே, பள்ளிக்கூடம் இல்லையா?" என்றான்.

நேராகத் துரைசானி தங்கியிருந்த வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் எழுதியிருக்கும் எண், ஆளைக் கலைப்பது, டாலா, மீன், என் அண்ணன், ஒன்றையும் விடவில்லை. அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் வெளுத்துப்போயிற்று.

"இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். இப்போது வில்லை என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது சேர்த்தால், நாளைக்கு ரங்கூனில் இருக்கிற ஒவ்வொருவனும் அன்றைக்கு நான் டாலாவில் இருந்தேன் என்பான். மற்றத் துறைமுகங்களில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

"நான் சொல்கிறேனே, என் வார்த்தை போதாதா?"

"நீ அவர் தங்கை. உன் வார்த்தையை நான் நம்புகிறேன். ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது."

கோபத்தில் எனக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று. "எதற்கென்று சொல்லாமல் கேட்டவர் நீங்கள், எதற்கென்று தெரியாமல் ஒளிந்தவர்கள் அவர்கள், நடுவில் என்னை எதற்கு நிறுத்தினீர்கள்" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் அறையில் அண்ணனும் இருந்தான். மரக்கிடங்கில் கேட்டான், ஆள் வேண்டாம் என்றார்கள். அரிசி ஆலைகளுக்கு இன்னும் அறுவடை வரவில்லை. வேறு கம்பெனி ஜெட்டிகளில் வேறு மேஸ்திரிகளுக்கு அவரவர் ஆள். அவன் வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் நடந்தேன். "ரெண்டும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டு அலையுதுங்க. யாராவது ஒருத்தர் உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா. சாப்பிடும்போது அண்ணன் சைகை காட்டுவதை நிறுத்திவிட்டான். "ரசம் ஊத்தும்மா" என்று வாயைத் திறந்து கேட்டான். 

அப்போதுதான் அந்த மாடியிலிருந்து புது ஆள் ஒருவன் வந்தான். அவனுக்குத் ரங்கூனுக்கு வெளியே தின்கன்ஜூன் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில் வேலை கிடைத்திருந்தது. ஊரில் மாடு மேய்த்தவன். கப்பலைக் கண்டாலே அவனுக்குக் குலை நடுங்குமாம். கழுத்திலிருந்து வில்லையை அவிழ்த்து அண்ணன் முன்னால் வைத்தான்.

"அன்னிக்கு நீங்க படகுல ஏறுனதாலதான எனக்கு இது கெடச்சுது. உங்களுதுதாண்ணே, வச்சுக்கங்க. ஆனா வாசல்ல எம்பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

அண்ணன் வில்லையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஞானஸ்நானத்துல பாதிரி ஐயர் தண்ணி தெளிச்சு வச்ச பேருடா. அதை விட்டுட்டு இன்னொருத்தன் பேருக்கு வாய் தொறப்பியா?" என்று அழுதாள்.

"வாசல்லதான அந்தப் பேரு. சோத்துக்கு நீ என் பேரைச் சொல்லியே கூப்பிடும்மா" என்றான்.

மறுநாள் உள்ளே போனான். சைகைக்கு இல்லை, புது ஆளுக்கு யார் சைகை கொடுப்பார்கள்? அப்பா தூக்கிய மூட்டையை மறுபடி தூக்கினான். மேஸ்திரிக்குத் தெரியும், கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் வில்லையைப் பிடுங்குவதோடு நிற்காது, ஆள்மாறாட்டம் என்று போலீஸுக்குப் போகும். அவன் தோளில் காய்ப்பு மறுபடி ஏறும்வரை அம்மா தினம் எண்ணெய் தேய்த்துவிட்டாள். வாசலில் பேர் கூப்பிடும்போது தாமதிக்காமல் பதில் சொல்லப் பழகவேண்டும் என்று என்னை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னான். என்னால் முடியவில்லை. 

துரைசானி ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் ஆள் அனுப்பினார். கடைசியாக ஒரு தடவை ஜெட்டியைப் பார்க்கவேண்டும், வா என்றார். வரமாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். அவர் வாசலிலேயே தயாராக நின்றார். கம்பெனித் துரையும், வாசலில் பேர் கூப்பிடும் குமாஸ்தாவும் கூட நின்றார்கள். போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். போனேன்.

அண்ணன் கப்பலுக்குள் எங்காவது அடியில் இருக்கவேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டே நடந்தேன். அவனோ கரையிலேயே இருந்தான். மூட்டை அடுக்கு ஓரம் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றான், கழுத்தில் வில்லையோடு. துரைசானி எல்லாரையும் தாண்டிப் போய் அவன் முன்னால் நின்றார்.

"எல்லா ஊரிலும் புறப்படுமுன் ஒருவரிடமாவது பேசுவேன். இவர் மற்றவர்களைவிட வயது கூடியவராகத் தெரிகிறார். எப்போது வந்தார் என்று கேள்" என்றார்.

குமாஸ்தா பக்கத்திலேயே நின்றார். கேட்டேன்.

"இந்த வருசந்தாங்க வந்தேன்" என்றான் அண்ணன்.

சொன்னேன். இந்த வயதில்கூடப் புதிதாக வருகிறார்களா என்று துரைசானி ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார். முன்பு என்ன தொழில் என்று கேட்கச் சொன்னார்.

"ஊர்ல மாடு மேச்சேங்க."

ரங்கூனில் பிறந்தவன் அவன். இந்தியாவை என் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் நான் விரலை வைத்துக் காட்டித்தான் பார்த்திருக்கிறான். அதையும் சொன்னேன், மாடு மேய்த்தாராம் என்று. இப்போது முறைவைத்து வேலை வருவது பழைய ஏற்பாட்டைவிட நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். பழசு எனக்குத் தெரியாதுங்களே என்றான். வெயில் சுட்டது. கம்பெனித் துரை கடிகாரத்தைப் பார்த்தார். போய்விடலாம் என்று நான் ஒரு காலைத் திருப்பிவிட்டேன்.

"இன்னும் ஒன்றே ஒன்று" என்றார் துரைசானி. இப்போது அவர் எழுதவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உண்மையான கரிசனத்தோடு கேட்டார்: "இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே, இந்த ஊரில் இவருக்குச் சொந்தமென்று யாராவது உண்டா?"

என் அண்ணனைப் பார்த்து, உங்களுக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று நானே கேட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"யாரும் இல்லீங்க டீச்சரம்மா" என்றான்.

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன்.